மினுங்கும் தரை யாருக்கு?



வீடு கட்டுகின்ற காலத்தில் நாம் அத்திவாரத்தைப் பற்றிக் கதைக்கிறோம். சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் கதைக்கிறோம். கதவு நிலை வைப்பதற்கு நல்ல நாள் பார்க்கிறோம். தரையை மட்டும் "அது கடைசியிலை பாப்பம்" என்று விட்டுவிடுகிறோம். கையிலுள்ள காசு முடிகின்ற நேரத்தில்தான் தரையின் முறை வருகிறது. மிஞ்சியதைக் கொண்டு ஏதோ ஒன்றைப் போட்டு முடிக்கிறோம். பிறகு அந்தத் தரையிலேயே இருந்து, நடந்து, கூட்டித் துடைத்து, தொழிலும் செய்து எமது காலத்தைக் கழிக்கிறோம்.

நான் இங்கே எழுத வந்தது வீட்டோடு சேர்ந்த ஒரு சிறிய கராஜின் தரையைப் பற்றி. சைக்கிளும் ஸ்கூட்டியும் திருத்துகின்ற, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு பத்தி. இதிலே எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். அந்தத் தரை விடயத்தில் நான் செய்த ஒரு பிழையால் ஒரு சகோதரியின் கை முறிந்தது. ஆறு கிழமைகள் அவரது குடும்பத்தின் வருமானம் நின்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

தரை என்பது சின்ன விடயமா?

எனது அம்மம்மாவின் வீடு மண்வீடு. வெள்ளிக்கிழமைகளில் அவர் சாணகம் கரைத்துத் தரை மெழுகுவார். காய்ந்த பிறகு வெறுங்காலோடு நடந்தால் குளிர்மையாக இருக்கும். 2009ஆம் ஆண்டு நாங்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தோம். அந்த ஆவணி மாதத்து மழையில் வெள்ளம் கூடாரத்துக்குள்ளே வந்துவிட்டது. விரித்திருந்த தறப்பாளுக்கு மேலாலும் தண்ணீர், கீழாலும் தண்ணீர். அம்மாவும் நானும் தம்பியும் உடுப்புப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை குந்தியிருந்தோம். காய்ந்த, உறுதியான தரை ஒன்று காலுக்குக் கீழே இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். 2015இல் கிளிநொச்சி மாவட்டத்தில் சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரம்தான் எனது பொறுப்பு. அங்கேதான் அக்காவைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் 2009 சித்திரைக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அதே காலத்தில் ஷெல் பட்டு அக்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக்கால் போட்டுத்தான் நடக்கிறார். ஒரு மகன், ஒரு மகள். அவருடைய தகப்பனார் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சிறுவயதில் தகப்பனுக்கு அருகில் இருந்து ஒட்டுப்போடவும் றிம் நெளிவு எடுக்கவும் பழகியிருந்தார். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. முதலில் வேப்பமரத்து நிழலில் சைக்கிள் ஒட்டினார். பிறகு ஊரிலே ஆசிரியைகளும் தாதியரும் ஸ்கூட்டி ஓடத் தொடங்கியதும், அவற்றுக்கு ஒயில் மாற்றவும் பிறேக் இறுக்கவும் பழகிக்கொண்டார். பெண்கள் தங்கள் ஸ்கூட்டியை ஒரு பெண்ணிடம் கொண்டுவர விரும்பினார்கள்.

அவருக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்திருந்தது. வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. சுமார் 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. அந்த வரைபடத்தில் வீட்டுத் தலைவி இருந்து தொழில் செய்வதற்கு ஓர் இடம் இல்லை. ஆகவே வீட்டின் பக்கச் சுவரோடு ஒரு பத்தி இறக்கி, தகரம் போட்டு, அதைக் கராஜ் ஆக்கினார். தரை வெறும் மண். மாரியில் சேறு, கோடையில் புழுதி. கழற்றிய ஆணி கீழே விழுந்தால் தேடி எடுக்க அரை நாள்.

நான் செய்த பிழை

2017இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாழ்வாதார உதவியை அந்தக் கராஜுக்குப் பெற்றுக்கொடுத்தேன். தரையும், ஆயுதப் பெட்டியும், காற்றடிக்கும் பம்பும் திட்டத்தில் இருந்தன. எனக்குள்ளே ஒரு படம் இருந்தது. வெள்ளைத் தரை, சுத்தமான இடம், நடுவிலே சிரித்துக்கொண்டு ஒரு பெண். திட்ட அறிக்கைக்கு அந்தப் படம் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். "ஒயில் பட்டாலும் துடைச்சா போயிடும் அக்கா. கறையே பிடிக்காது" என்று சொல்லி, எங்கள் சனம் மாபிள் என்று சொல்கின்ற மினுங்கும் ரைல்ஸைப் பரிந்துரைத்தேன்.

அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மிஸ், உந்த மினுக்கல் சறுக்காதோ? சும்மா சீமெந்துத் தரை காணாதோ?" என்று கேட்டார்.

"பழகிடும் அக்கா" என்றேன் நான். அதோடு, எந்த நிறம் வேண்டும் என்றும் கேட்டேன். ரைல்ஸ்தான் வேண்டுமா என்று கேட்கவில்லை.

பங்கேற்பு, தீர்மானம் எடுத்தல் என்ற சொற்களை வைத்துப் பரீட்சையிலே பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி எடுத்தவள் நான். களத்திலே நான் கொடுத்த தெரிவு வெள்ளையா, சந்தன நிறமா என்பது மட்டும்தான்.

ரைல்ஸ் போட்டாயிற்று. படம் எடுத்தாயிற்று. மூன்று மாதத்துக்குள் ஜாக்கி வைக்கின்ற இடத்திலே இரண்டு ரைல்ஸ் வெடித்தன. அக்கா அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுச் சமாளித்தார். எனக்குச் சொல்லவில்லை. 2018 தை மாதம் ஒருநாள், தூவானம் அடித்து ஈரமாயிருந்த தரையில் சொட்டு ஒயிலும் சிந்தியிருந்திருக்கிறது. ஸ்கூட்டியை ஸ்ராண்டில் ஏற்ற முயன்றபோது செயற்கைக்கால் வழுக்கியது. நமது கால் வழுக்கத் தொடங்கும்போது பாதம் அதை உணர்ந்து விரல்களை ஊன்றிப் பிடிக்கும். செயற்கைக்காலுக்கு அந்த உணர்வு இல்லை. அக்கா வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு ஓடிப்போனேன். மாக்கட்டுப் போட்ட கையோடு விறாந்தையில் இருந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"பிள்ளை, நான் அண்டைக்கே சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை. எனக்கும் விடாமல் நிண்டு சொல்ல ஏலாமல் போச்சுது. உதவி தாறவையோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது, சொல்லுங்கோ?"

அதுவரை என்னை மிஸ் என்று அழைத்தவர் அன்றுதான் முதன்முதலாகப் பிள்ளை என்றார். அந்த ஆறு கிழமையும் அவர் வாங்கியிருந்த நுண்கடனின் தவணைக்காரர் கிழமை தவறாமல் படலையில் வந்து நின்றார்கள். பதினைந்து வயது மகன் பாடசாலை விட்டு வந்து சைக்கிள் ஒட்டினான். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை.

இரண்டாவது முறை

இனி அந்தத் தரையை என்ன செய்வது? நான் திட்டப் பணத்தை மீண்டும் கேட்க முடியாது. எனது சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தேன். இனாமாக வாங்க மாட்டேன் என்று அக்கா சொன்னார். ஆகவே சரிபாதி அவர் போடுவது, மிகுதிக்கு எனது ஸ்கூட்டியை ஒரு வருடம் பார்ப்பது என்று முடிவாயிற்று. இந்தமுறை தெரிவு அவருடையது. நான் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தெரிந்த மேசன்மாரிடமும், நகரத்துக் கடைகளிலும், பெரிய கராஜ் வைத்திருப்பவர்களிடமும் இருவரும் போய்க் கேட்டோம். அப்போது அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். கராஜ் என்றில்லை, அரைக்கும் ஆலை, சமையல் தொழில், சாயமிடும் தொழில் என்று எதை வீட்டோடு வைத்திருந்தாலும் இது உதவும்.

மினுங்கும் ரைல்ஸ்: கறை பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஒயிலும் தண்ணீரும் பட்டால் வழுக்கும். அடியிலே சாந்து நிரம்பாமல் வெற்றிடம் இருந்தால், பாரமான ஜாக்கியோ சுத்தியலோ பட்டதும் வெடிக்கும். வெடித்த இடத்தால் ஒயில் உள்ளே இறங்கும். ரைல்ஸ்தான் வேண்டுமென்றால் வெளிமுற்றத்துக்கென்று விற்கின்ற சொரசொரப்பானதை வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒன்றை நனைத்து, அதன்மேல் காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய சீமெந்துத் தரை: வீட்டு விறாந்தைக்கு அழகு. நீண்ட காலம் உழைக்கும். ஒயில் சிந்துகின்ற இடத்துக்கு இதுவும் வழுக்கல்தான்.

எபொக்சிப் பூச்சு: நகரத்துப் பெரிய வேலைத்தளங்களில் பார்த்திருப்பீர்கள். ஒயில் உள்ளே இறங்காது; துடைப்பதும் சுகம். ஆனால் விலை கூட. புதிய கொங்கிறீற்றில் ஏறக்குறைய 28 நாள் கழித்துத்தான் பூசலாம். தரைக்கு அடியிலிருந்து ஈரம் வந்தால் பூச்சு உரிந்து விடும். ஈரம் வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, பூச்சு அந்தத் தரைக்குச் சரிவராது. பூசுவதென்றாலும் அதற்குள் மணல் தூவிச் சொரசொரப்பாக்கச் சொல்ல வேண்டும்.

விரிப்புகள்: பிளாஸ்ரிக் விரிப்பில் ரயரின் கறுப்புப் படிந்தால் போகாது. சாதாரண இறப்பர் விரிப்பு பெற்றோலும் ஒயிலும் பட்டு ஊதிப் பழுதாகும். விரிப்புக்கு அடியில் ஒயில் போனால் விரிப்போடு சேர்ந்து ஆளும் வழுக்கி விழ நேரிடும்.

பூட்டுக்கல்: சீமெந்துக் கற்களைப் பொருத்திப் போடுவது. ஒரு கல் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையால் ஒயில் நிலத்துக்குள் இறங்கும். அக்காவின் கிணறு கராஜிலிருந்து முப்பது அடியும் இல்லை. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2014, 2015ஆம் ஆண்டுகளில் சனம் குடிக்கத் தண்ணீரில்லாமல் பட்ட பாட்டை நாமெல்லோரும் அறிவோம். ஒரு சிறு கராஜின் ஒயில் அவ்வளவு தூரம் போகாதென்றாலும், எமது கிணறு எமக்குப் பெரிது.

சாதாரணக் கொங்கிறீற்றுத் தரை, மேற்பரப்பில் தும்புத்தடியால் இழுத்த சொரசொரப்பு: பாரம் தாங்கும். வழுக்குவது குறைவு. செலவும் தாங்கக்கூடியது. குறை என்னவென்றால் ஒயிலை உறிஞ்சும், கறை பிடிக்கும்.

கொப்பியிலே இவற்றையெல்லாம் எழுதி முடித்து, "அக்கா, இது மட்டும்தான் கறை பிடிக்கும்" என்றேன்.

அக்கா சிரித்தார். "பிள்ளை, தொழில் செய்யிற இடத்திலை ஒயில் சிந்தத்தான் செய்யும். கறை பிடிச்சால் பிடிக்கட்டும். நான் விழாமல் நிண்டால் காணும்."

தரை போட்ட கதை

மேசன் வந்தார். நல்ல வேலைக்காரர். ஆனால் கதைத்ததெல்லாம் என்னோடும் மகனோடும்தான். "தம்பி, எத்தனை அங்குலம் போடுவம்?" என்று பிள்ளையைக் கேட்டார். பிள்ளை தாயைப் பார்த்தான். "அண்ணை, கராஜ் என்ரை. என்னைக் கேளுங்கோ" என்றார் அக்கா. மேசன் ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு அக்காவோடு கதைக்கத் தொடங்கினார். ஒன்று பிடிபட்ட பிறகு இருவரும் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பழைய ரைல்ஸைப் பெயர்த்து, நிலத்தை நனைத்து இடித்து இறுக்கினார்கள். அதன்மேல் ஈரம் ஏறாதபடி தடித்த பொலித்தீன் விரித்தார்கள். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி நான்கு பங்கு. தடிப்பு 4 அங்குலம். இந்த அளவில் 12க்கு 10 அடித் தரைக்கு 50 கிலோச் சீமெந்து ஏழு பை வேண்டும். கைக்காவலாக ஒரு பை கூட வாங்கி வைத்தோம். மணல் ஏறக்குறைய 18 கன அடி, சல்லி 35 கன அடி. இந்தக் கணக்கை வீட்டுத் தலைவி அறிந்திருந்தால், பத்துப் பை வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

சரிவும் முக்கியம். வீட்டுச் சுவர்ப் பக்கத்திலிருந்து வாசலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வீதம், 12 அடிக்கு 3 அங்குலம் சரிவு வைத்தார்கள். கழுவிய தண்ணீர் தேங்காது. அதைவிடக் கூடிய சரிவு செயற்கைக்காலுக்கும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டிக்கும் கூடாது.

கலவையில் தண்ணீர் கூட விடுவதில்தான் வாக்குவாதம் வந்தது. தண்ணீர் கூடினால் பரப்பச் சுகம். ஆனால் காய்ந்த பிறகு தரை பலமிழந்து, மேலே மாவாகக் கிளம்பும். கறையையும் கூட உறிஞ்சும். உதவிக்கு வந்த பொடியன் வாளியைச் சரித்தபோது அக்கா கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, புட்டுக்கு மாக் குழைக்கிறதெண்டால் உப்பிடித் தண்ணி ஊத்துவியோ?" மேசன் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அளந்துதான் ஊற்றினார்கள்.

மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்தி, மேலே மின்னிய தண்ணீர் வற்றும்வரை பொறுத்திருந்து, தும்புத்தடியால் ஒரே திசையில் மெதுவாக இழுத்தார்கள். மெல்லிய கோடு கோடாகச் சொரசொரப்பு வந்தது. வெடிப்பு வந்தாலும் ஒழுங்காக வருவதற்காகத் தரையின் நடுவில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டினார்கள்.

அடுத்த நாளிலிருந்து வேலை முழுவதும் அக்காவுக்கும் மகளுக்கும்தான். தரைமேல் சாக்கு விரித்து, ஏழு நாளும் காய விடாமல் நனைத்தார்கள். சகோதரிகளே, கொங்கிறீற்று காய்ந்து பலப்படுவதில்லை. ஈரத்தோடு இருந்துதான் பலப்படுகிறது. வன்னி வெயிலில் நனைக்காமல் விட்ட தரை அரைப் பலம்தான். ஏழு நாள் கழித்து நடந்தார்கள். பாரமான வேலையை 28 நாள் வரை தள்ளி வைத்தார்கள். வருமானம் இல்லாத நாட்கள் அவை. ஆனாலும் அக்கா அவசரப்படவில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும். வெறுங்கையாலும் வெறுங்காலாலும் அதைத் தொட வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பிறகு, கொங்கிறீற்றுக்குள் ஊறிப் போகின்ற சீலர் என்ற திரவத்தை நகரத்தில் வாங்கிப் பூசினோம். அது தரையை மினுங்கச் செய்யாது. ஒயில் உள்ளே இறங்குவதைக் குறைக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

கறை பட்டால்

அக்காவின் கராஜில் ஒரு வாளி நிறைய உமி எப்போதும் இருக்கும். அரிசி ஆலையில் சும்மா தருவார்கள். மரத்தூளும் நல்லது. ஒயில் சிந்தியவுடன் அதன்மேல் கொட்டி, உறிஞ்சவிட்டுக் கூட்ட வேண்டும். பழைய துணியால் தேய்த்தால் கறை பரவும். மிஞ்சியதைச் சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் போட்டு, தும்புப் பிறஸ்ஸால் தேய்த்துக் கழுவலாம். பெற்றோல் ஊற்றிக் கழுவுகின்ற பழக்கம் பலரிடம் இருக்கிறது. வீட்டோடு சேர்ந்த கராஜில், பக்கத்தில் குசினி அடுப்பு எரிகின்ற இடத்தில், அது உயிராபத்து. அசிட் ஊற்றுவதும் பிழை. அது சீமெந்தைத்தான் தின்னும், ஒயிலை எடுக்காது.

சிந்தாமல் பார்ப்பதே முதல் வேலை. ஒயில் மாற்றும்போது அகலமான தட்டு ஒன்றை அடியில் வைக்கிறார். கழிவு ஒயிலைக் கானில் சேர்த்து, பெரிய சேர்விஸ் நிலையத்தில் எடுப்பவர்களிடம் கொடுக்கிறார். வேலியடியில் ஊற்றுவதில்லை. கழிவு ஒயில் தோலில் படுவதும் கூடாது. கையைப் பெற்றோலால் அல்ல, சவர்க்காரத்தால் கழுவ வேண்டும்.

இன்று

2022இல் நாட்டிலே பெற்றோல் இல்லாமல் சனம் நாட்கணக்காக வரிசையில் நின்றபோது, பத்தியில் தொங்கிய பழைய சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. அவை அக்காவின் கராஜுக்கும் வந்தன. ஒரு நாளில் இருபதுக்கு மேல் சைக்கிள் வந்த நாட்களும் உண்டு. தனியே சமாளிக்க முடியாமல் ஊரில் இரண்டு பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். இப்போதும் அவர்கள் வருகிறார்கள். மகன் பரீட்சையில் சித்தியடைந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டான். நுண்கடன் முடிந்துவிட்டது. இனி அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறார்.

சென்ற மாதம் போயிருந்தேன். அந்தத் தரையிலே ஒயில் கறை இல்லாமலில்லை. ஸ்கூட்டி நிறுத்துகின்ற இடத்தில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம். ரயர் வைத்துத் திருகுகின்ற இடத்தில் இன்னொன்று. வெடிப்பு நடுக்கோட்டில் மட்டும்தான். ஜாக்கி வைத்த இடம் அப்படியே இருக்கிறது. இவ்வளவு காலத்தில் அக்கா அதிலே ஒருமுறையும் விழவில்லை.

எனது பழைய திட்ட அறிக்கையில் வெள்ளைத் தரையின் படம் இப்போதும் இருக்கும். "பயனாளி மகிழ்ச்சியாக உள்ளார்" என்று அதன் கீழே நான்தான் எழுதினேன். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், நிறத்தைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப் பழகியிருக்கிறேன்: "அக்கா, இதிலை நிக்கப் போறது ஆர்? எப்பிடி நிக்கப் போறியள்?" ஒருவருக்கு முழங்கால் நோ இருக்கும். இன்னொருவர் நாள் முழுதும் நிலத்தில் இருந்து வேலை செய்வார். இன்னொருவரின் மாமிக்குக் கண் தெரியாது. ஒவ்வொருவருக்கும் வேண்டிய தரை வேறு வேறு.

சகோதரிகளே, உங்களுக்கு உதவி தர வருகிறவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். நல்ல மனத்தோடு வருவார்கள், படித்திருப்பார்கள், ஆனால் உங்கள் வீட்டுத் தரையில் அவர்கள் ஒரு நாளும் நின்று வேலை செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வது உங்களுக்குச் சரிவராது என்று மனத்தில் பட்டால் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள். தனியே சொல்லப் பயமாக இருந்தால், உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துச் சகோதரி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உதவி வாங்குவதால் வாயை மூட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என்னைப் போல வேலை செய்கின்ற தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. யாராவது ஒரு அக்கா "சறுக்காதோ?" என்று கேட்டால், பழகிடும் என்று சொல்லிவிடாதீர்கள்.